சொல்ல முடியாது என்பதும் ஒரு விடை

அன்புள்ள ரேவதிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் உன் கல்யாணம் முடிந்து, தாலி பிரித்துக் கோத்த பிறகுதான் உன் கைக்கு வரும். போனில் சொல்லிவிடலாம் என்றால், போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் டவர் போய்விடும். அதனால் எழுதுகிறேன். எப்படி அனுப்பப் போகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்க்கிறவள் என்பதால் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உனக்கு உண்டு. தயவு செய்து அதைச் செய்யாதே. வரிசையாகப் படி.

செவ்வாய்க்கிழமை காலையில் நீ போன் செய்தபோது நான் டவர் எடுக்கும் பாறை மேல்தான் நின்றிருந்தேன். நீ ஒரே மூச்சில் பேசினாய். "ப்பா, வர்ற வெள்ளிக்கிழமை வேலூர்ல ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். உங்களுக்குச் சம்மதம்னா இந்நேரம் சரின்னு சொல்லியிருப்பீங்க. ரெண்டு மாசமா ஒண்ணுமே சொல்லல. அதனால உங்களுக்கு இஷ்டம் இல்லன்னு நானே புரிஞ்சிக்கினேன்" என்றாய். அப்புறம், "சாட்சிக்கு மூணு பேர் வேணுமாம். ரெண்டு பேர் கெடச்சிட்டாங்க. மூணாவது ஆளு ஜெராக்ஸ் கடையில யாரயாச்சும் புடிச்சிக்கறோம்" என்றாய். கடைசியாக இதையும் சொன்னாய்: "தினேஷ் மட்டும், உங்கப்பா வேணாம்னு சொல்லலயே, சொல்லலயேன்னு சொல்லிக்கினே இருக்காரு. அவருக்கு உங்களப் பத்தித் தெரியாது." நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். பாறையிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வந்து பேனாவைத் தேடினேன். பெற்ற மகள் ஜெராக்ஸ் கடையில் சாட்சி தேடுகிறாள் என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் உன்னைத் திட்ட எழுதவில்லை. உன் விடையைத் திருத்த எழுதுகிறேன். நீ வங்கிப் பரிட்சைக்குப் படித்த இரண்டு வருஷமும் ரீசனிங் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி வாசித்தவன் நான். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டவனுக்கு அந்த உரிமையாவது இருக்கட்டும்.

முதல் நாள் முதல் கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை. எல்லா ஆடுகளும் மேசைகள். சில மேசைகள் நாற்காலிகள். முடிவு: சில ஆடுகள் நாற்காலிகள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். "இன்னாம்மா இது, எழுதுனவன் ஆட்டப் பாத்திருக்கானா?" என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய்: "ப்பா, ஆடு மேசையான்றது கேள்வி இல்ல. அவன் மேசன்னு குடுத்துட்டான். குடுத்தத மட்டும் எடுத்துக்கணும். நமக்குத் தெரிஞ்சத உள்ள சேக்கக்கூடாது." சரி, குடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்படியானால் சில ஆடுகள் நாற்காலிதானே என்றேன். இல்லையாம். நாற்காலியாக இருக்கிற மேசை வேறு, ஆடாக இருக்கிற மேசை வேறாகக்கூட இருக்கலாமாம். அதனால் விடை, 'சொல்ல முடியாது'. எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. சொல்ல முடியாதவன் எதற்குப் பஸ் ஏறிப் பரிட்சைக்குப் போக வேண்டும்? இங்கே பஞ்சாயத்தில் நின்று எவனாவது 'சொல்ல முடியாது' என்று சொன்னால் அவனை விடுவோமா? ஒவ்வொரு கேள்விக்கும் நாலாவதாக அந்த விடை உட்கார்ந்திருக்கும். சோம்பேறிகளுக்காக வைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் எதையும் பார்த்தவுடனே முடிவு கட்டுகிற ஆள் என்பது ஊருக்கே தெரியும். நம் சாமைக் கொல்லை பாதி மேய்ந்து கிடந்த அன்று உன் மாமன் வீட்டு ஆடு அந்தப் பக்கமாக வந்தது. தாடியில் சாமை உமி. வேறென்ன வேண்டும் எனக்கு? ஆட்டைக் கட்டிப்போட்டேன், மச்சானை நாலு பேர் நடுவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். அவரும் விடவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. உன் அம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் போவதும் நின்றது, என்னிடம் பேசுவதும் பாதி நின்றது. நீ அப்போது விடுதியிலிருந்து லீவுக்கு வந்தவள், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாமை தின்ன ஆட்டுக்குத் தாடியில உமி இருக்கும், சரி. உமி இருக்கற ஆடெல்லாம் நம்ம கொல்லயிலதான் தின்னுச்சின்னு ஆவுமா?" என்றாய். சின்னப் பெண் என்று உன்னை உள்ளே போகச் சொன்னேன். அடுத்த வாரமே காட்டுப்பன்றி மறு பாதியையும் தின்றுவிட்டுப் போனது. உமி எங்கிருந்து வந்ததென்றால், உன் அம்மா அன்று காலையில் சாமை புடைத்துவிட்டு, அண்ணன் வீட்டு ஆடாயிற்றே என்று முறத்தில் மிச்சம் இருந்ததை அதற்குக் கொட்டியிருக்கிறாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லைதான். மச்சானிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஆட்டைக் காட்டி, "மொதல்ல அதுகிட்ட கேளு" என்றார்.

உன் அம்மா மட்டும் இதில் யோக்கியம் என்று நினைத்துவிடாதே. கல்யாணமான புதிதில் அவள் ரசம் வைத்தாள். நான் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன். பேசவில்லையா, அப்படியானால் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லையா, அப்படியானால் புளிப்புப் பத்தவில்லை. இப்படி அவளாகவே முடிவு செய்துகொண்டு மறுநாள் கொஞ்சம் புளி கூட்டினாள். அப்போதும் நான் பேசவில்லை. அவள் வீட்டில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது, சொன்னால் மனசு கஷ்டப்படும் என்பது என் முடிவு. மறுபடி புளி கூடியது. உனக்கு அஞ்சு வயசாகும் வரைக்கும் இந்த வீட்டில் பல் கூசாமல் ஒருவரும் சாப்பிட்டதில்லை. நீதான் ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னாம்மா இவ்ளோ புளிப்பு" என்று கேட்டு எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றினாய். நாளைக்கு உன் வீட்டிலும் இது நடக்கும். அவர் பேசாமல் சாப்பிட்டால் நீயாக எதையும் முடிவு செய்யாதே, வாயைத் திறந்து கேள். கேட்பதற்கு வெட்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள் நீ என்பதால் சொல்கிறேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். படிக்கும்போது கோபப்படாதே, சிரிக்கவும் சிரிக்காதே.

இரண்டு மாசத்துக்கு முன்னால் நீ போனில், "எனக்கு ரீசனிங் சொல்லிக்குடுத்த சார், தினேஷ், சந்தவாசல்காரரு, அவரத்தான் கட்டிக்கலாம்னு இருக்கேன், உங்களுக்கு இன்னாப்பா?" என்று கேட்டாய். நான் பேசவில்லை. ஆடு மேசை என்று சொல்லிக்கொடுத்தவன் இவன்தானா என்று ஒரு எரிச்சல் வந்தது நிஜம். மலையில் வளர்ந்த பெண்ணை அடிவாரத்துக்காரர்கள் எப்படி நடத்துவார்களோ என்று ஒரு பயம் வந்ததும் நிஜம். அதனால் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெண்ணின் தகப்பனாகப் போனால் நல்ல பாயாக எடுத்துப் போடுவார்கள், உண்மை தெரியாது. புளி விற்கிறவனாகப் போனேன். அறுவடை முடிந்த நேரம், மலையிலிருந்து புளி கொண்டுபோனால் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. புளியைக் கொட்டை எடுத்து உருண்டை பிடித்து, உன் கட்டிலுக்கடியில் இருந்த காகிதக் கட்டைப் பிரித்து நன்றாகப் பொட்டலம் கட்டினேன். "இன்னாங்க, பொண்ணோட பேப்பரெல்லாம் எடுக்கறீங்க" என்றாள் உன் அம்மா. "பரிட்சதான் முடிஞ்சி போச்சே" என்றேன். அவளிடம் போளூருக்குப் போவதாகச் சொன்னேன். போளூர் போய்த்தானே சந்தவாசலுக்குப் பஸ் மாற வேண்டும், அதனால் அதில் பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. அவர்கள் வீட்டு வாசலில் ஏழு ஜோடி செருப்பு. எல்லாம் பொம்பளைச் செருப்பு. ஏழு நாத்தனார் இருக்கும் வீட்டிலா என் பெண் வாழப்போகிறாள் என்று முதல் முடிவைக் கட்டினேன். வேப்பமரத்துக்குக் கீழே கட்டிலில் ஒரு பெரிய மனுஷன் பட்டப்பகலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாமனார் குடிகாரன், அதுவும் முடிவாயிற்று. குழாயடியில் ஒரு பையன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தான். வேலைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள், பணத்திமிர் பிடித்த குடும்பம். வாசல் தாண்டி உள்ளே போவதற்குள் மூன்று முடிவுகள். உன் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கே அவ்வளவுதான் இருக்கும்.

வேலைக்காரனிடம் விசாரித்தால் வீட்டு லட்சணம் தெரியும் என்று அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தம்பி, இந்த வூட்டுப் பையன் ஒருத்தரு வாத்தியாராமே, ஆளு எப்டி?" என்றேன். அவன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "பரவால்லீங்க. கோவம் கொஞ்சம் வரும். எடுத்துச் சொன்னா கேட்டுக்குவான்" என்றான். "குடிப்பானா?" "டீதாங்க. அது ரொம்ப." "பொண்ணுங்ககிட்ட எப்டி?" அவன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தான். "ஒரு பொண்ணுகிட்டதாங்க பேச்சு. அதுவும் அந்தப் பொண்ணுதான் பேசும், இவன் கேட்டுக்குவான்" என்றான். நல்ல பையன், உண்மையைப் பேசுகிறான், பாவம் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிறான் என்று எனக்கு அவன் மேல் இரக்கமே வந்துவிட்டது. நீ போனில் அனுப்பிய படத்தில் தினேஷ் கண்ணாடி போட்டு, சட்டையை உள்ளே விட்டு, தாடியோடு இருந்தானம்மா. இவனுக்குக் கண்ணாடியும் இல்லை, தாடியும் இல்லை, பனியனும் ஈரம். நான் என்ன செய்வேன்?

அதற்குள் அவன் அம்மா வெளியே வந்தார்கள். கழுத்தில் டேப்பு தொங்கியது. தையல் மெஷின் போட்டு வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார்கள், ஏழு ஜோடிச் செருப்பும் அளவு கொடுக்க வந்தவர்களுடையது. விலை பேசாமல் எல்லாப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார்கள். இது ஓட்டைக்கைப் பொம்பளை, குடும்பத்தைக் கரைத்துவிடும் என்று நாலாவது முடிவையும் கட்டினேன். ஒரு பொட்டலத்தை அங்கேயே பிரித்துப் புளியை முகர்ந்தார்கள். அப்புறம் காகிதத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். "டேய் தினேசு, இங்க வா, இது உன் கையெழுத்தா பாரு" என்றார்கள்.

பாத்திரம் தேய்த்தவன் எழுந்து வந்தான் ரேவதி.

காகிதத்தில் மேலே உன் பேர். கீழே நீ போட்ட விடைகள். பக்கத்தில் சிவப்பு மையில் அவன் திருத்தியது. ஓரத்தில், 'கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளவும், நீயாகச் சேர்க்காதே' என்று அவன் எழுதி வைத்திருக்கிறான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றேன். அவன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவனை எனக்குப் பிடித்தது. "நீங்க குடியப் பத்தியும் பொண்ணுங்களப் பத்தியும் கேட்டப்பவே சந்தேகம் வந்திச்சிங்க மாமா. ஆனா தகவல் போதல. அதான் சும்மா இருந்தேன்" என்றான். கட்டிலில் படுத்திருந்தவரை எழுப்பினார்கள். ராத்திரியெல்லாம் கரும்பு லாரி ஓட்டிவிட்டு விடிகாலையில் வந்து படுத்த மனுஷன், கண்ணைக் கசக்கிக்கொண்டு எனக்குக் கும்பிடு போட்டார். குடிகாரன் என்று நான் நினைத்தவர் வாயில் சாராய வாடை இல்லை, தூக்கம்தான் இருந்தது.

டீ கொடுத்தார்கள். அவன் அம்மா என் எதிரில் தரையில் உட்கார்ந்து, "அண்ணா, எங்க புள்ளைக்கு உங்க பொண்ணக் குடுப்பீங்களா?" என்று நேராகவே கேட்டார்கள். நான் டீயைக் குடித்தேன். டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். "நான் வந்துட்டுப் போனத பொண்ணுகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டு, கிளம்பி வந்துவிட்டேன். அவர்கள் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். இன்றுவரை தினேஷ் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நீ பேசியதிலிருந்தே தெரிகிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே, 'வேணாம்னு சொல்லலயே' என்று எனக்காகவும் வாதாடிக்கொண்டிருக்கிறான். என்னைத் தெரியாது என்றாயே, நம் வீட்டில் என்னைச் சரியாகப் படித்தவன் அவன் ஒருத்தன்தான்.

ஏன் அப்போதே சரி என்று சொல்லவில்லை என்று கேட்பாய். இங்கேதான் நான் உனக்குச் செய்த தப்பு இருக்கிறது. நம் பக்கத்தில் பெண் கேட்டால் வேண்டாம் என்பதை அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுவோம். அதில் இழுத்தடிப்பது பாவம். ஆனால் சரி என்பதை முதல் தடவையில் சொல்லமாட்டோம். சொன்னால், எப்போடா தள்ளிவிடலாம் என்று இருந்தவன் என்று பேசுவார்கள். இரண்டாம் தடவை கேட்டாலும் வாயை மூடிக்கொண்டிருப்போம். மூன்றாம் தடவை கேட்டால்தான் பதில். உன் அம்மாவைக் கேட்கப் போனபோது உன் தாத்தா இரண்டு தடவை என் அப்பாவிடம் மழையைப் பற்றி மட்டும் பேசி அனுப்பினார். இங்கே வளர்ந்த பெண்ணுக்கு இது தானாகத் தெரியும். உன்னை ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் விட்டவன் நான். நான் சொல்லித்தராமல் உனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு தடவை கேட்டாய். அந்த அம்மா ஒரு தடவை கேட்டார்கள். மூன்றாம் தடவை உங்களில் யாராவது கேட்பீர்கள் என்று இந்தக் கிழவன் ஒன்றரை மாசமாகப் பாறை மேல் ஏறி ஏறி உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை போன் வந்ததும் இதோ வந்துவிட்டது என்று கும்பிட்டுக்கொண்டுதான் எடுத்தேன். நீ கேட்கவில்லை. அறிவித்தாய்.

உன் விடைக்கு வருகிறேன். சம்மதம் என்றால் அப்பா சரி என்று சொல்லியிருப்பார். சொல்லவில்லை. ஆகவே சம்மதம் இல்லை. போட்ட வழியில் தவறே இல்லை, பரிட்சையில் மார்க் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த முதல் வரியை உனக்கு யார் கொடுத்தது? நான் கொடுக்கவில்லையே. நீயாக உள்ளே சேர்த்துக்கொண்டாய். நான் பேசாமல் இருந்தேன், உனக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று நீயே சொல். நான் சோம்பேறிகளுக்கு வைத்தது என்று ஏசினேனே, அந்த நாலாவது விடையில்தான் இரண்டு மாசமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டமான இடம் என்று இப்போது தெரிகிறது. உனக்கும் அழுகை வந்திருக்கும். அதற்கு நான்தான் காரணம், உன் ரீசனிங் அல்ல. என் வீம்புக்கு வழக்கம் என்று ஒரு பேர் வைத்துக்கொண்டேன். என்னை மன்னித்துக்கொள் அம்மா.

இப்போது எப்படி அனுப்புகிறேன் என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அமிர்தி வழியாக வேலூர் போகிற முதல் பஸ்ஸில் இந்தக் கடிதத்தை நானே ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். இவ்வளவையும் நான் வாயால் சொல்ல மாட்டேன், சொல்ல வராது. நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் நான் அங்கேதான் இருக்கிறேன். வெள்ளைச் சட்டைப் பையில் ஆதார் ஜெராக்ஸும் இரண்டு போட்டோவும் வைத்திருக்கிறேன், சாட்சிக்குக் கேட்பார்களாம். பக்கத்தில் உன் அம்மா பட்டுப் புடவையில் இருப்பாள். அவளை யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையே சரி என்று சொல்லிவிட்டாள், வழக்கமாவது மண்ணாவது என்று என்னையும் ஏசிவிட்டாள். அவள் மடியில் இருக்கும் பொட்டலத்தில் சம்பந்தி வீட்டுக்குப் புளி. இந்தத் தடவை வெறும் காகிதத்தில்தான் கட்டியிருக்கிறேன்.

அந்த ஜெராக்ஸ் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிடு. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எழுந்து வந்து என்னைக் கேள். இரண்டு தடவை ஆகிவிட்டது. இது மூன்றாவது.

உன் அப்பா